ஓடுகிற மகளுக்கு ஒரு துணை

இங்கே நாலரை மணிக்கே ஜன்னல் வெளுத்துவிடும். வந்த மறுநாள் அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பதறி எழுந்தேன். மகள் வீட்டுக்கு வந்த முதல் நாளே இப்படியா தூங்குவது என்று வெட்கமாகப் போய்விட்டது. வாசல் கூட்டி, குளித்து, அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் மணி ஐந்துதான் ஆகிறது. நின்றுபோன கடிகாரம் போலிருக்கிறது என்று சுவரிலிருந்து கழற்றி உலுக்கிப் பார்த்தேன். என் மகள் தேன்மொழி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து சிரித்தாள். “அத ஏம்மா போட்டு உலுக்குற? அது சரியாத்தான் ஓடுது. அது மெயின்லேண்ட் மணி, நம்ம ஊரு மணி. இங்க சூரியன் மொதல்லயே வந்துரும். சாயங்காலம் அஞ்சரைக்கெல்லாம் இருட்டிரும் பாரு.” ஊரில் கடிகாரம் பார்த்து நான் வாழ்ந்ததில்லை, வெளிச்சத்தைப் பார்த்துத்தான் வாழ்ந்தேன். இங்கே வந்தபிறகு அந்த வெளிச்சத்தை நம்பவும் முடியவில்லை, கடிகாரத்தை நம்பவும் முடியவில்லை.

நாங்கள் இருப்பது போர்ட் பிளேரிலிருந்து வண்டூர் போகிற பக்கம். மாப்பிள்ளைக்கு அரசாங்க வேலை. மாற்றல் மாயாபந்தரில். அங்கிருந்து பஸ் பிடித்து வர ஒரு பகல் முழுக்க ஆகிவிடும், அதனால் மாதத்தில் ஒரு தடவையோ இரண்டு தடவையோதான் வருவார். வீட்டில் தேன்மொழியும், ஒன்றாவது படிக்கிற என் பேத்தி நிலாவும்தான். என் வீட்டுக்காரர் காலமானபிறகு, “தனியா அங்க உக்காந்து என்ன பண்ணப்போற, பிள்ளையப் பாத்துக்க ஆளும் ஆச்சு” என்று கூப்பிட்டுக்கொண்டாள். நான் மானாமதுரைக்குக் கிழக்கே ஒரு கிராமம். ஐந்தாவது வரைதான் படித்தேன். கடையில் போய் நாலு பேருக்கு முன்னால் நின்று உப்பு கேட்கக் கூச்சப்படுகிறவள். மகள் வீட்டுச் சாப்பாடு என்றால் எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு இருக்கிறது, உங்களுக்கே தெரியும். அதனால் இருக்கிற இடம் தெரியாமல் இருந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கப்பல் ஏறினேன்.

வந்து பார்த்தால் அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் இருக்க வேண்டியிருந்தது. தேன்மொழி சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற வேலையாம். பத்து மணிக்குக் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பின்னறையில் உட்கார்ந்தால், பிறகு அந்த வீட்டில் பாத்திரம் உருளக்கூடாது. குக்கர் விசில் அடிக்கக்கூடாது. விசில் வரப்போகிற நேரத்தில் ஓடிப்போய் அடுப்பை அணைக்கப் பழகிக்கொண்டேன். அவள் முதுகுக்குப் பின்னால் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தாள், அடுக்களை கேமராவில் தெரியாமல் இருக்க. நான் அந்தப் பக்கம் போக வேண்டுமென்றால் குனிந்து, கட்டிலோரமாகத் தவழ்ந்த மாதிரிதான் போவேன். ஒரு நாள் தலை தெரிந்துவிட்டது. “அம்மா, மாட்டிக்கிட்ட. சென்னையில எல்லாரும் பாத்துட்டாங்க. வணக்கம் சொல்லச் சொல்றாங்க, வா” என்றாள். நான் கொல்லைப்பக்கம் போனவள் சாயங்காலம்வரை உள்ளே வரவில்லை. இப்படியே இரண்டு வருஷம். யாரும் சத்தம் போட்டுப் பேசாத வீடு. பிள்ளைகூட எதையாவது கேட்க வேண்டுமென்றால் என் காதில்தான் வந்து ஊதும்.

தேன்மொழி கரைந்துகொண்டிருந்தாள். பார்க்கிறவர்களுக்கு உடம்பு பெருத்த மாதிரித்தான் தெரியும். காலில் நீர் கோத்துக்கொண்டது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தால் முதுகைப் பிடித்துக்கொள்வாள். வேலை முடிந்தபிறகும் யாரோ கூப்பிட்டது மாதிரி திடுக்கென்று திரும்பிப் பார்ப்பாள். மழை வந்தால் நெட் போய்விடும், நெட் போனால் கம்பெனியில் கேள்வி கேட்பார்கள். அதனால் வானம் இருண்டாலே அவள் முகமும் இருண்டுவிடும். இங்கே வருஷத்தில் பாதி நாள் வானம் இருண்டுதான் கிடக்கிறது. ஒரு நாள் சோறு பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். “என்னத்தா?” என்றேன். “ஒண்ணுமில்லம்மா. இந்த வீட்டுச் செவரு நாலும் கிட்ட வர்ற மாதிரி இருக்கு” என்றாள். டாக்டர் நடக்கச் சொன்னார். நடந்தாள். கொஞ்ச நாளில் நடை ஓட்டமாகிவிட்டது.

ஊரில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் சிரிக்கலாம். ஒரு பிள்ளை பெற்றவள், கால்சட்டை மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டு, விடிந்ததும் விடியாததுமாக ரோட்டில் ஓடுகிறாள். முதல் நாள் நான் கதவைப் பாதி சாத்திக்கொண்டு இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பயம். எங்கள் ஊரில் பொம்பளை ஓடினால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். நானும் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் ஓடியிருக்கிறேன். பம்ப்செட்டில் கரண்ட் அடித்து அவர் விழுந்துகிடக்கிறார் என்று ஆள் வந்து சொன்னபோது. தலைமுடி அவிழ்ந்தது தெரியாது, செருப்பு போனது தெரியாது. நான் ஓடுவதைப் பார்த்து, காரணமே கேட்காமல் தெருவே பின்னால் ஓடி வந்தது. அன்றைக்கு அவர் பிழைத்துவிட்டார். ஆனால் அந்த ஓட்டம் என் உடம்புக்குள்ளேயே தங்கிவிட்டது. தேன்மொழியின் முதுகு ரோட்டில் சின்னதாகிக்கொண்டே போகும்போது, எந்தக் கெட்ட செய்தியை நோக்கி இவள் ஓடுகிறாள் என்றுதான் எனக்குத் தோன்றும். அவளிடம் இதைச் சொல்லவில்லை. ஓடிவிட்டு வந்தவள் வேர்த்து வடிந்துகொண்டு வாசற்படியில் உட்கார்ந்து, “அம்மா, மூச்சு எங்கெங்கயோ போயிட்டு வருது” என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது.

மாப்பிள்ளை போனில் கேலி செய்தார். “அத்தை, உங்க பொண்ணு மெடலு கிடலு வாங்கிறப்போறா. வைக்க வீட்டுல எடம் இருக்கா?”

“நீங்க வந்து கண்டிச்சு வைங்க மாப்பிள்ளை.”

“நானா? அவ ஓடிருவாளே அத்தை, நான் எங்க பிடிக்க!”

ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு கேட்டிலிருந்து இடப்பக்கம் போனால் மேடு, பாக்குத் தோப்பு, பள்ளிக்கூடம். அங்கே காலையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்ப்பார்கள் என்று தேன்மொழி அந்தப் பக்கம் போகமாட்டாள். கூச்சம் என்னிடமிருந்து அவளுக்கும் கொஞ்சம் வந்திருக்கிறது. வலப்பக்கம்தான் ஓடுவாள். அங்கே ஆளே இருக்காது. சுனாமிக்கு முன்னால் அது நெல்வயலாம். நிலம் இறங்கிவிட்டது, கடல் தண்ணீர் உள்ளே வந்தது, வந்தது திரும்பிப் போகவே இல்லை. இப்போது ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சதுப்பு. இலையில்லாத மரங்கள் வெள்ளெலும்பு மாதிரி தண்ணீருக்குள் நிற்கின்றன. யாரும் வெட்டவில்லை, அதுவாக விழவும் இல்லை. ரோடு அதன் நடுவே கரை மாதிரிப் போய், ஒரு பள்ளத்தில் சின்னப் பாலத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் தென்னந்தோப்பு மேட்டில் ஏறும். பாலத்துக்கு அடியில் கடல் தண்ணீர் வந்துபோகிற கழி, அதை இங்கே நாலா என்கிறார்கள். கேட்டில் நின்றால் பாலம்வரை நேராகத் தெரியும்.

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு போர்டு. இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதி, கீழே ஒரு படம். வெயிலிலும் மழையிலும் படம் தேய்ந்து, ஏதோ ஓணான் வரைந்த மாதிரி இருக்கும். நிலாவைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிடும்போது டிரைவரிடம் கேட்டுச் சொல்லச் சொன்னேன். “முதலையாம் அம்மாச்சி” என்றாள் பிள்ளை. தேன்மொழி கவலைப்படவில்லை. “அது வண்டூர் பீச்சுல குளிக்கிறவங்களுக்கும்மா. இந்த மாதிரி போர்டு இங்க எல்லா எடத்துலயும் வச்சிருப்பாங்க. நான் என்ன தண்ணிக்குள்ளயா ஓடுறேன்?” அது சரிதான் என்று எனக்கும் பட்டது. எனக்கு முதலை பயம் அப்போது இல்லை. என் பயம் எல்லாம் மனுஷர்கள்மேல்தான். ஆளில்லாத ரோட்டில் ஒரு பொம்பளைப் பிள்ளை தனியாக ஓடுகிறாள், எவனாவது வண்டியை நிறுத்தினால் என்ன செய்வாள்?

அதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி உண்டு. விடிவதற்கு முன்னால் களத்துக்கோ கொல்லைக்கோ தனியாகப் போகிற பொம்பளை ஒரு நாயைப் பழக்கி வைத்துக்கொள்வாள். ரெண்டு கவளம் சோறு போட்டால் போதும், நிழல் மாதிரி வரும். எங்கள் வாசலில் செவலை நிறத்தில் ஒரு தெருநாய் வந்து படுக்கும், காது ஒன்று கிழிந்திருக்கும். நிலா அதற்கு பிஸ்கட் என்று பெயர் வைத்திருந்தாள். அதற்கு நான் தினமும் காலையில் பழைய சோற்றில் மீன் குழம்பு ஊற்றிப் போட ஆரம்பித்தேன். தின்ற கையோடு, தேன்மொழி ஓடக் கிளம்பும்போது, “போ, கூடப் போ” என்று விரட்டிவிடுவேன். நாலு நாளில் பழகிவிட்டது. அவளுக்கு முன்னால் கொஞ்ச தூரம் ஓடும், பின்னால் வரும், பாலத்துக்கிட்டே இறங்கி தண்ணீர் ஓரத்தில் நண்டைத் துரத்தும், மறுபடி ரோட்டில் ஏறும். “என்னம்மா, பாடிகார்டா?” என்று தேன்மொழி சிரித்தாள். ஆனால் அவளுக்கும் பிடித்திருந்தது. அந்த வீட்டில் நான் செய்த உருப்படியான காரியம் இதுதான் என்று எனக்குள்ளே ஒரு பெருமைகூட.

பக்கத்து வீட்டில் ஒரு பெங்காலி அம்மா. எல்லாரும் மாசிமா என்று கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். அவள் என்னை தீதி என்பாள், அக்கா என்று அர்த்தமாம். இரண்டு பேருமே கிழவிகள், யார் அக்கா யார் தங்கை என்று நாங்கள் கேட்டுக்கொண்டதில்லை. அவள் வீட்டுக்காரர் கழியில் நண்டு பிடிக்கிறவர். மாசிமா வாத்து வளர்த்தாள். எனக்கும் அவளுக்கும் பொதுவாகப் பத்து இந்தி வார்த்தை இருக்கும். மிச்சத்துக்குக் கையும் தலையாட்டலும். முருங்கைக்கீரை நான் கொடுப்பேன், அவள் வாத்து முட்டை கொடுப்பாள். அந்த மழைக்காலத்தில் முட்டை வருவது குறைந்தது. வேலிக்கு அப்பால் பார்த்தால், வாத்தும் குறைந்துகொண்டு வந்தது. “கித்தர்?” என்று கேட்டேன், எங்கே என்று. மாசிமா வாயைத் திறக்காமல் தாடையால் சதுப்புப் பக்கம் காட்டினாள். நரி மாதிரி ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இந்தத் தீவில் நரியே கிடையாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஒரு நாள் பத்து மணிக்கு மேல் நான் பிஸ்கட்டுக்கு மிச்சச் சோறு வைத்துக்கொண்டிருக்கும்போது மாசிமா வேலியைப் பிடித்துக்கொண்டு படபடவென்று பேசினாள். “குத்தா” என்றாள், “பானி” என்றாள், நாலா பக்கம் கையை நீட்டினாள், நாயைக் காட்டி இரண்டு கையையும் வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினாள். நாய், தண்ணீர், வேண்டாம். அவ்வளவுதான் எனக்குப் பிடிபட்டது. நாய் அவள் வாத்தைப் பிடிக்கிறது, கழியில் அசிங்கம் செய்கிறது, அதனால் சோறு போடாதே என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். முகம் சுருங்கிப்போய்விட்டது எனக்கு. வந்த இடத்தில் கெட்ட பெயர். தேன்மொழியைக் கூப்பிட்டு என்ன சொல்கிறாள் என்று கேட்டிருக்கலாம். அவள் உள்ளே மீட்டிங்கில் இருந்தாள். மத்தியானம் கேட்கலாம் என்று இருந்தேன். மத்தியானம் கேட்கக் கூச்சமாக இருந்தது, பக்கத்து வீட்டில் திட்டு வாங்கினேன் என்று மகளிடம் எப்படிச் சொல்வது? மறுநாளிலிருந்து நாய்க்குக் கொல்லைப்பக்கம் வைத்துச் சோறு போட்டேன்.

புரட்டாசி மகாளய அமாவாசை வந்தது. அவருக்குப் படையல் போட வேண்டும். எங்கள் வழக்கப்படி காக்கைக்கு வைத்து, காக்கை எடுத்தபிறகுதான் வீட்டில் எந்த உயிருக்கும் சோறு. நாய்க்கும் அப்படித்தான். அன்றைக்கு விடியும்போதே மழை. கண் தெரியாத மழை. நிலா வேனில் போய்விட்டாள். வழக்கமாக வெளிச்சம் வந்ததும் ஓடிவிட்டு வருகிற தேன்மொழி ஷூவை மாட்டிக்கொண்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிபோல மழை விட்டது.

“இன்னைக்கு வேணாம்த்தா. நாளும் அமாவாசை.”

“அமாவாசைக்கும் ஓடுறதுக்கும் என்னம்மா? பத்து மணிக்குத்தான லாகின். நேத்து முழுக்க உக்காந்தே இருந்தேன், கால் மரத்துப்போச்சு. போன கையோட வந்துர்றேன்.”

காதில் பாட்டுக் கேட்கிற அந்தச் சின்னக் கருவியைச் செருகிக்கொண்டு கிளம்பினாள். பிஸ்கட் எழுந்து என் கையைப் பார்த்தது. “இன்னும் காக்கா எடுக்கல, அப்புறம் வந்து தின்னு, போ” என்றேன். வயிறு ஒட்டியபடியே அவள் பின்னால் போனது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வறண்ட ஊரில் அமாவாசை என்றால் காலண்டரில் ஒரு கறுப்பு வட்டம், காக்கைச் சோறு, அவ்வளவுதான். கடற்கரையில் பிறந்தவர்களுக்கு அது வேறு. அமாவாசையும் பௌர்ணமியும் கடல் பொங்குகிற நாள். விடிகாலையில் வற்றிக் கிடந்து, காலை வெயில் ஏறும்போது தண்ணீரும் சேர்ந்து ஏறும். தேன்மொழி இதுவரை அமாவாசை அன்றும் ஓடியிருக்கிறாள். ஆனால் அது விடிகாலை, அப்போது பாலத்துக்கடியில் வெறும் சேறு. அவளும் நானும் பார்த்தது அந்தச் சேற்றை மட்டும்தான்.

கேட்டில் நின்று பார்த்தேன். அவள் பாலத்துக்குக்கிட்டே போகும்போது ரோடு பளபளவென்று மின்னியது. மழைத்தண்ணீர் தேங்கியிருக்கிறது என்று நினைத்தேன். அவள் கணுக்காலுக்குத் தண்ணீர் தெறிக்க ஓடித் தாண்டினாள், அந்தப் பக்கம் தென்னந்தோப்பு மேட்டில் ஏறினாள். நாயும் தாண்டியது. நான் அடுக்களைக்குப் போய் வடைக்கு அரைத்ததை வழித்துவிட்டு மறுபடி வந்து பார்த்தபோது, பாலத்தின் கைப்பிடிச் சுவர் மட்டும் தெரிந்தது. ரோடு இல்லை. அங்கிருந்து இங்கே பாதி தூரத்துக்கு ஒரே தண்ணீர், சத்தமே இல்லாமல் வந்திருந்தது. அந்த வெள்ளை மரங்களுக்கு நடுவில் ஒரு கட்டை மிதந்துகொண்டிருந்தது. காற்று தெற்கே அடித்தது. கட்டை காற்றை எதிர்த்து வடக்கே போனது.

எப்படி அவ்வளவு தூரம் போனேன் என்று தெரியவில்லை. தண்ணீர் தொடங்குகிற இடத்தில் போய் நின்றேன். எதிர்ப்பக்கம் தேன்மொழி மேட்டிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள், தலையைக் குனிந்தபடி, தன் ஓட்டத்திலேயே. இன்னும் கொஞ்ச தூரம் வந்தால் தண்ணீரில் கால் வைத்துவிடுவாள். கத்த வேண்டும். இரண்டு வருஷமாக அந்த வீட்டில் இருமலைக்கூட முந்தானையில் வைத்து அடக்கியவள் நான். தொண்டையில் காற்றுதான் வந்தது. அடுத்த தடவை வந்த சத்தம் என் சத்தம் மாதிரியே இல்லை.

“தேனூ! நில்லுடி! நில்லுடி தாயி!”

காதில் பாட்டு. அவளுக்குக் கேட்கவில்லை. நாய்க்குக் கேட்டது.

அதற்கு என் குரல் என்றால் சோறு. காதை விறைத்துப் பார்த்தது, வாலை ஆட்டிக்கொண்டு அவளை முந்திக்கொண்டு தண்ணீரில் இறங்கி என்னை நோக்கி ஓடி வந்தது. ஆழம் வந்ததும் நீந்தியது. தலை மட்டும் தெரிந்தது, கிழிந்த காது தெரிந்தது. போ போ என்று கையை வீசினேன். கூப்பிடுகிறேன் என்று நினைத்து இன்னும் வேகமாக வந்தது. பாலத்தின் சுவருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஒரு தடவை புரண்டது. பெரிய சத்தம்கூட இல்லை. ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒன்று. பிறகு வட்டம் வட்டமாக அலை வந்து என் காலைத் தொட்டது. அவ்வளவுதான்.

தேன்மொழி நின்றுவிட்டாள். தண்ணீருக்கும் அவளுக்கும் ஒரு கட்டில் போடுகிற இடம்தான் இருந்தது. காதிலிருந்ததைப் பிடுங்கினாள். “அம்மா! பின்னாடி போ! பின்னாடி போம்மா!” என்று அவள் என்னைப் பார்த்துக் கத்தினாள். அப்போதுதான் நானும் தண்ணீரில் நிற்கிறேன் என்று தெரிந்தது. அதற்குள் யாரோ என் முந்தானையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார்கள். நான் மல்லாக்க விழுந்தேன். மாசிமா. கையில் நண்டு துழாவுகிற கம்பு. இழுத்துக்கொண்டே திட்டினாள், பெங்காலியில், வாய் ஓயாமல். எந்த வார்த்தையும் தெரியாவிட்டாலும் எனக்கு அத்தனையும் புரிந்தது. திட்டி முடித்து, ரோட்டிலேயே என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

தண்ணீர் வடிய வெகுநேரம் ஆயிற்று. தேன்மொழி அந்தக் கரை, நான் இந்தக் கரை. என் போன் வீட்டில் கிடந்தது, பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். கத்த இரண்டு பேருக்கும் பயம். சத்தத்துக்கு என்ன வரும் என்று பார்த்துவிட்டோமே. அவள் மேட்டில் தென்னைமரத்தில் சாய்ந்து நின்றாள், நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை எடுத்தால் ஏதாவது ஆகிவிடும் போல. நடுவில் அந்த வெள்ளை மரங்கள். எந்தக் கட்டை கட்டை, எந்தக் கட்டை அது என்று தெரியவில்லை. ஒரு நேரத்தில் அவள் கையில் கட்டியிருந்த போன் அடித்தது. கம்பெனி. அவள் நிமிர்ந்து நின்றாள், ஈர முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள், ஏதோ அவர்கள் அங்கிருந்து பார்க்கிற மாதிரி. “சாரி சார்... நெட்வொர்க் ப்ராப்ளம் சார்... எஸ் சார்” என்பது காற்றில் எனக்கு வந்தது. கடைசியில் ஜல்லி ஏற்றின லாரி ஒன்று அந்தப் பக்கமிருந்து வந்து, அவளை மேலே ஏற்றிக்கொண்டு, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து இறக்கிவிட்டது.

அன்று சாயங்காலம் கேட்டேன், “ஏன்டி, உள்ளத சொல்றதுக்கென்ன?”

“லீவுக்கு முதலைய இழுத்துட்டு வர்றான்னு சிரிப்பாங்கம்மா” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. மாப்பிள்ளை போனில் மாசிமாவிடம் பேசிவிட்டு என்னிடம் பேசினார். அந்தக் கழியில் அது வந்து கொஞ்ச நாளாகிறதாம். நாய் என்றால் அதற்கு உயிராம், நாயைக் கூட்டிக்கொண்டு யாரும் தண்ணீர் ஓரம் போகமாட்டார்களாம். “அவங்க உங்ககிட்ட அப்பவே சொன்னாங்களாமே அத்தை?” என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. “சொன்னாங்க மாப்பிள்ளை” என்றேன். வேறென்ன சொல்ல? ஒரு பிள்ளைக்குத் துணை அனுப்புகிறேன் என்று நான் தினமும் தீனியை அனுப்பியிருக்கிறேன். நிலா நாயைக் கேட்டாள். வேறு ஊருக்குப் போய்விட்டது என்றோம். “கப்பல்லயா?” என்றாள். ஆமாம் என்றோம்.

வனத்துறை ஆட்கள் வந்து கூண்டு வைத்தார்கள். அதில் இன்றுவரை ஒன்றும் விழவில்லை. தேன்மொழி ஓட்டத்தை விட்டுவிட்டாள். மறுபடி காலில் நீர் கோத்தது. மறுபடி சோறு பிசைந்த கை அப்படியே நின்றது. பகலெல்லாம் சேலைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள், வேலை முடிந்தும் எழுந்திருக்க மாட்டாள். திரைக்கு இந்தப் பக்கம் நின்று அவள் மூச்சு வருகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். கழியில் இருக்கிறது கண்ணுக்கு ஒரு தடவையாவது தெரிந்தது. இந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு அவளை இழுக்கிறது எது என்று தெரியவில்லை. அதுவும் சத்தம் போடுகிற ஜாதி இல்லை. ஒரு காலையில் அவள் ஷூவை எடுத்துப் பார்த்தேன், பூசணம் பூத்திருந்தது. தேய்த்துக் கழுவி, அடுப்போரம் காயவைத்து, அவள் கட்டிலுக்குக் கீழே வைத்தேன்.

“எதுக்கும்மா இது?”

“மேட்டுப்பக்க ரோடு இருக்குல்ல. பள்ளிக்கூடத்துப் பக்கம்.”

“பஸ்ஸுக்கு நிக்கிறவங்க எல்லாம் பாப்பாங்க.”

“பாத்துட்டுப் போறாங்க. பாக்க நாலு ஆளு இருக்குறது நல்லதுதான்.”

“உனக்குப் பயமா இல்லையா?”

“பயந்தான். நீ இப்புடி உள்ளயே உக்காந்துருக்குறதப் பாத்தாலும் பயந்தான். ரெண்டுல எதுக்குப் பயப்படணும்னு நீயே சொல்லு.”

அவள் ரொம்ப நேரம் கழித்து ஷூவை எடுத்து மாட்டினாள்.

இப்போது மேட்டுப்பக்கம் ஓடுகிறாள். நாய் கிடையாது. நான்தான் கேட்டுக்கு வெளியே வந்து ரோட்டிலேயே நிற்கிறேன், யார் பார்த்தாலும் சரி என்று. மாசிமா சில நாள் வந்து கூட நிற்பாள்.

போன வாரம் அப்படி நிற்கும்போது ஊரிலிருந்து என் தம்பி போன் செய்தான். “அக்கா! கண்மாய்க்குத் தண்ணி வந்துருச்சுக்கா! மூணு வருசம் கழிச்சு வந்துருக்கு. எல்லாம் கரையில நிக்கிறோம், இந்தா கேளு” என்று போனைத் தூக்கிப் பிடித்தான். பொம்பளைகள் குலவை போடுகிற சத்தம். எனக்குத் தெரிந்த குரல்கள் எல்லாம் அதில் இருந்தன. புதுத்தண்ணீர் வந்தால் ஓடிப்போய்க் காலை நனைத்து, கையெடுத்துக் கும்பிட்டு, தொண்டை கிழியக் குலவை போடுகிறவர்களில் நானும் ஒருத்தி. கூச்சமெல்லாம் அந்த ஒரு நாளைக்கு எங்கள் யாருக்கும் இருக்காது.

“பிள்ளைகள ஓரத்துல நிக்க விடாதடா” என்றேன். என்னை அறியாமல்தான் வந்தது. “மேல ஏறச் சொல்லு. எல்லாரையும் மேல ஏறச் சொல்லு.”

“என்னக்கா ஆச்சு உனக்கு? நம்ம கண்மாயில என்ன இருக்கு? அயிரையும் கெண்டையும்தான்” என்று சிரித்தான். “நீயும் ஒரு கொலவ போடுக்கா. எல்லாருக்கும் கேக்கட்டும். போடு!”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். அங்கே குலவை ஏறி ஏறி அடங்கியது. கண் மேட்டு ரோட்டில் இருந்தது, பாக்குத் தோப்பு வளைவில் தேன்மொழி இன்னும் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் சதுப்பு, திரும்பிப் பார்க்காமலே அது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உடம்புக்குத் தெரிந்தது. குலவைக்காக நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு எழும்பியது. அப்படியே நின்றுவிட்டது.